கதவை அடைத்த அம்மி

எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், அம்மி வெளியேதான் கிடக்கும். எல்லார் வீட்டிலும் அப்படித்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, ஒரே அறை, அதற்கு முன்னால் தகரம் இறக்கிய ஒரு சின்ன இஸ்தோப்பு. காம்பராவுக்குள் அடுப்பு வேண்டும், படுக்க இடம் வேண்டும், துணிக்கொடி கட்ட வேண்டும், மிலாறு அடுக்க வேண்டும். மிலாறு என்றால் கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி. எங்களுக்கு அதுதான் விறகு. இவ்வளவுக்கும் இடம் விட்ட பிறகு அம்மிக்கு எங்கே இடம்? அதனால் அது இஸ்தோப்பில் சுவரோரமாகக் கிடக்கும். சாரல் அடித்தாலும் கோழி ஏறி நின்றாலும் அது பாட்டுக்குக் கிடக்கும்.

அந்த அம்மியை நான் உள்ளே இழுத்துப்போட ஆரம்பித்தது எழுபத்தேழில், இலங்கையில் தமிழர்களை அடித்த கலவரம் வந்துபோன பிறகு.

எனக்குப் படிப்பு கிடையாது. எந்த மலையில் கவ்வாத்து வெட்டினோம் என்பதைக் கொண்டுதான் வருஷங்களை ஞாபகம் வைத்திருக்கிறேன். ஒரு மலையை ஒருமுறை வெட்டினால் அது மறுபடி முறைக்கு வர மூன்று நான்கு வருஷம் ஆகும். கலவரம் வந்த வருஷம் எங்கள் லயத்துக்கு நேர் மேலே இருந்த மலையை வெட்டிக்கொண்டிருந்தோம். கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு இலை இருக்காது. முழங்கால் உயரத்துக்குக் கட்டைகள் மட்டும் கைவிரலை விரித்த மாதிரி நிற்கும். ஒரு கோழிக்குஞ்சு ஓடினாலும் ரோட்டிலிருந்து தெரியும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஓடி ஒளிய வேண்டும் என்று வந்தபோது, பக்கத்தில் இருந்த மலையை என் கையாலேயே மொட்டையடித்து வைத்திருந்தேன்.

முதலில் செய்தி கொண்டுவந்தவர் பாண்காரர், ரொட்டி விற்கிறவர். கொட்டகலைப் பக்கத்திலிருந்து சைக்கிளில் பெட்டி கட்டி வருவார். சிங்களவர். எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் மணிச் சத்தம் தெரியும். அன்றைக்குப் பெட்டி இல்லாமல் வெறும் சைக்கிளில் வந்தார். மணி அடிக்கவில்லை.

"இன்னைக்கி ரா லயத்துல இருக்க வேணாம். எங்கயாவது போங்க" என்றார். அவருடைய தமிழ் எப்போதும் அரைகுறைதான். அன்றைக்கு அந்த அரைகுறைத் தமிழைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. வேறு ஒன்றும் சொல்லாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நானும் என் வீட்டுக்காரியும் மகளும் ஆற்றோரத்து மலைக்குப் போனோம். அங்கேதான் செடி அடர்ந்து இருந்தது. மகளுக்கு அப்போது ஏழு வயது. எங்களுக்கு அவள் ஒருத்திதான். செடிக்கடியில் படுத்துக் கம்பளியை மேலே இழுத்துக்கொண்டோம். கீழே ஈரம், மேலே ஈரம், அட்டை வேறு. தோட்டத்து ரோட்டில் ஒரு லொறி மெதுவாக ஏறி வந்தது. அப்போதுதான் மகள் என் காதில், "அப்பா, ஒன்னுக்கு வருது" என்றாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். லொறி எங்களுக்கு மேலே ரோட்டில் நின்றது. ஆட்கள் பேசுவது கேட்டது, என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. பிறகு அது போய்விட்டது.

அது யார் லொறி, எதற்கு வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கொழுந்து லொறியாகவும் இருந்திருக்கலாம்.

எங்கள் லயத்துக்கு யாரும் வரவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். வேறு இடங்களில் என்னென்னவோ நடந்தது. எங்களுக்கு நடந்ததெல்லாம் ஒளிந்துகொண்டதுதான். சில நாள் அப்படி இருந்துவிட்டுத் திரும்பி வந்தோம். பாண்காரரும் திரும்ப வந்தார், பெட்டியோடு. "பய வென்ன எப்பா" என்றார். பயப்படாதீங்க என்று அர்த்தம். பாணை வாங்கிக்கொண்டோம். அந்தச் சொல்லை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் விளக்கு வைத்ததும் லயத்தில் ஒவ்வொரு காம்பராவிலும் ஏதோ ஒன்றை இழுக்கிற சத்தம். ஒருத்தர் உரலை உருட்டினார். ஒருத்தர் மிலாறுக் கட்டுகளைக் கதவில் சாய்த்தார். நான் அம்மியை இழுத்தேன். எங்கள் கதவு பலகைக் கதவு. உள்பக்கம் ஒரு மரத் தாழ்ப்பாள், அவ்வளவுதான். ஒரு ஆள் தோளால் இடித்தால் போதும். அம்மியை அதற்கு முட்டுக் கொடுத்தால் இரண்டு மூன்று இடி தாங்கும் என்று கணக்குப் போட்டேன். அந்த இரண்டு மூன்று இடிக்குள் என்ன செய்வேன் என்று யோசித்ததில்லை. காம்பராவுக்குப் பின்வழி கிடையாது.

அப்புறம் அதுவே வழக்கமாகிப்போனது. கலவரம் ஓய்ந்து, கடைகள் திறந்து, பள்ளிக்கூடம் நடந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கணக்கப்பிள்ளை பழையபடி வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்ட ஆரம்பித்த பிறகும், விளக்கு வைத்தால் நான் அம்மியை இழுப்பேன். சிமெந்துத் தரையில் கோடு விழுந்துவிட்டது. இருட்டிய பிறகு யாரும் வெளியே போகக் கூடாது. அவசரத்துக்கு மூலையில் ஒரு பால்மா டின் வைத்தோம்.

மகள் அந்த டின்னைத் தொடவே இல்லை. மூன்று வயதிலேயே படுக்கை நனைப்பதை விட்டவள், தினமும் நனைக்க ஆரம்பித்தாள்.

எங்கள் ஊர்க் குளிரில் கம்பளி நனைவது என்றால் என்னவென்று வெயில் ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் விளங்காது. கறுப்புக் கம்பளி. நனைந்தால் ஒரு ஆள் பாரம் கனக்கும். துவைத்தால் காயாது. மழை மாதத்தில் நாள்கணக்கில் கொடியில் தொங்கிச் சொட்டிக்கொண்டே இருக்கும். இருப்பதே இரண்டு கம்பளி. ஒன்று நனைந்தால் மூன்று பேரும் மற்றதுக்குள் சுருள வேண்டும். மறுநாள் அதுவும் நனையும். அடுப்புக்கு மேலே விரித்தால் காம்பரா முழுக்கப் புகையும் மூத்திர வாடையும். லயத்துச் சுவர் கூரைவரை போகாது. மேலே இடைவெளி இருக்கும். வாடையும் போகும், பேச்சும் போகும்.

அடுத்த காம்பராவில் என் வீட்டுக்காரியின் அக்கா இருந்தார். எனக்கு மதினி. புருஷன் செத்துப்போய், மகனுக்குக் கல்யாணம் கட்டி வைத்துவிட்டு, தனியாக இருந்தார். கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி. வாய் அதைவிடக் கெட்டி. காலையில் சுவருக்கு மேலாகக் கேட்பார்:

"ஏன்டி, ஒங்க வீட்டுக் கூரை மட்டும் தெனம் ஒழுகுதா?"

"சும்மா இரு அக்கா. புள்ள காதுல விழப்போகுது."

"விழட்டும். விழுந்தாவது எந்திரிக்கட்டும்."

என் வீட்டுக்காரி விடியுமுன் பீலிக்குக் கம்பளியைக் கொண்டுபோவாள். பீலி என்றால் மலையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் விழுகிற இடம், லயத்துக்கே பொதுவானது. எவ்வளவு வெள்ளெனப் போனாலும் அங்கே யாராவது நிற்பார்கள். ஒருத்தி மூக்கைப் பிடிப்பாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மகளுக்குப் "பீலி" என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள். பிறகு பேசுவதையே குறைத்தாள். சாயங்காலம் நான் இஸ்தோப்புக்குப் போய் அம்மியில் கை வைத்ததும் முகம் வெளிறிப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். அதை நான் பார்த்தேன். குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

கோயிலில் பூசாரி மந்திரித்துக் கயிறு கட்டினார். பயந்த கோளாறு, ஆற்றோரத்தில் ஏதோ அண்டியிருக்கிறது என்றார். கயிறும் நனைந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் டொக்டர் ஐயா ஒரு போத்தல் சிவப்புத் தண்ணீர் கொடுத்து, "பொழுது சாஞ்சா தேத்தண்ணி குடுக்காதீங்க, வளர வளரச் சரியாப் போயிரும்" என்றார். நல்ல மனுஷன். தேத்தண்ணியை நிறுத்தினோம். பிள்ளை தாகத்தில் உதட்டை நக்கிக்கொண்டு படுத்தாள். ஒரு வாய் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை, காலையில் பார்த்தால் கம்பளி சொட்டியது. எங்கிருந்துதான் வந்ததோ.

அப்போதுதான் மதினி சூடு போடலாம் என்றார்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மகளுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது. ஈரத்திலேயே படுத்தால் வேறென்ன ஆகும்? எங்கள் லயத்தில் அப்படிச் சளி கட்டிப் போன பிள்ளைகளை நாங்கள் தூக்கிப் புதைத்திருக்கிறோம்.

"எம்மகனுக்கு இப்புடித்தான், அஞ்சு வயசுல" என்றார் மதினி. "ஒரு இழுப்பு இழுத்தேன், தொப்புளுக்குக் கீழ. அதோட நின்னுச்சு. பயந்து வந்த நோவு பயந்துதான் போகணும், தம்பி. வெள்ளிக்கிழமை பெரட்டுக்கு முன்னால வச்சிருவோம். ஒங்க கவ்வாத்துக் கத்தியக் குடுங்க. அது முதுகுதான் பதமா இருக்கும்."

"ஏதாவது சொல்லுங்களேன்" என்றாள் என் வீட்டுக்காரி என்னைப் பார்த்து. அவள் அழுதுகொண்டிருந்தாள். வேண்டாம் என்று நான் சொல்லட்டும் என்று அழுதாளா, சரி என்று சொல்லட்டும் என்று அழுதாளா, எனக்குத் தெரியவில்லை. பிள்ளையின் இருமல் அப்படி இருந்தது.

நான் சட்டைக்கு மேலாக அடிவயிற்றைத் தடவிக்கொண்டேன். என் தொப்புளுக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. அடுப்பில் விழுந்தது என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லியிருந்தேன். அடுப்பில் விழுகிறவன் தொப்புளுக்குக் கீழே மட்டும் விழுவானா? அவள் கேட்கவில்லை. என் அப்பாவும் கவ்வாத்துக்காரர்தான். நானும் சின்ன வயதில் படுத்த இடத்தில் பெய்துகொண்டிருந்தவன்தான். அவர் கத்தியின் முதுகை அடுப்பில் வைத்துச் சிவக்க வைத்தார். இரும்பு பழுத்து வருகிற அந்த வாடை இருக்கிறதே, அதற்கு எனக்கு இன்றைக்கும் குமட்டும். தோட்டத்துக் கொல்லன் பட்டறையை நான் சுற்றித்தான் போவேன், வழி தூரம் என்றாலும்.

வியாழக்கிழமை என் வீட்டுக்காரிக்குக் காய்ச்சல். நான்தான் கம்பளியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பீலிக்குப் போனேன். ஆம்பிளை கம்பளி துவைப்பதை யாரும் பார்க்கக் கூடாது என்று நல்ல பனிக்குள் போனேன். மகள் சவர்க்காரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். நான் கம்பளியை மிதித்தேன். அவள் கல்லில் குந்தியிருந்தாள்.

"பெரியம்மா சுட்டா வலிக்குமாப்பா?"

நான் மிதிப்பதை நிறுத்தினேன். யாரும் இல்லை என்று சுற்றிலும் பார்த்துவிட்டுச் சட்டையைத் தூக்கிச் சாரத்தைக் கொஞ்சம் இறக்கித் தழும்பைக் காட்டினேன். அவள் கிட்டே வந்து ஒரு விரலால் தொட்டாள். விரல் ஐஸ் மாதிரி இருந்தது.

"யாருப்பா சுட்டா?"

"எங்கப்பா."

"ஏன்?"

"நானும் படுத்த எடத்துல பேஞ்சேன்."

"பொய்."

"சாமி சத்தியமா."

அவள் வாய் ஓரம் லேசாக விரிந்தது. கலவரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். உடனே போய்விட்டது.

"அதோட நின்னுச்சா?"

"எங்க நின்னுச்சு? தூங்குறதத்தான் நிறுத்துனேன். பொழுது விடியற வரைக்கும் கண்ண முழிச்சிக்கிட்டே கெடப்பேன்."

அவள் தலையை ஆட்டினாள், அது தனக்கும் தெரிந்த விஷயம் மாதிரி. பேச ஆரம்பித்திருக்கிறாள், விட்டுவிடக் கூடாது என்று நான் கம்பளியை மறுபடி மிதித்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

"டின்னு மூலையிலதானே இருக்கு? ஏன்டா எந்திரிக்க மாட்டேங்குற?"

"டின்னுல பேஞ்சா சத்தம் கேக்கும்."

"கேட்டா என்ன?"

"கேட்டா வந்துருவாங்கள்ல?"

"யாரு?"

மேலே ரோட்டுப் பக்கம் கண்ணைத் திருப்பினாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தெரியாத மாதிரி கேட்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ.

"நீதானப்பா சொன்ன. செடிக்கடியில. சத்தம் போடாத, எந்திரிக்காத, படுத்தபடியே போயிருன்னு."

தண்ணீர் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. லொறி நின்றபோது, வாயைப் பொத்திய கையை எடுக்காமலே, அவள் காதில் நான் சொன்னது அதுதான். அவளும் அப்படியே செய்தாள். அந்தச் சூடு என் தொடையில் பட்டது. அன்றைக்கு அது எனக்கு ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை.

"அது அன்னைக்கிடா."

"இன்னும்தானே அம்மிய இழுக்குற?"

யாரும் வரமாட்டாங்க என்று சொல்லியிருக்கலாம். அது எனக்கே தெரியாதபோது எப்படிச் சொல்வது? பிள்ளை என் வாய்ப் பேச்சை நம்பவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கல்லை இழுக்கிறவரைக்கும் லொறி அங்கேயே நிற்கிறது. அவள் செடிக்கடியிலேயே படுத்திருக்கிறாள்.

அன்றைக்குக் கவ்வாத்தில் கத்தி இரண்டு தரம் வழுக்கியது. கங்காணி, "என்னய்யா, செடிய வெட்டுறியா காலை வெட்டுறியா?" என்றார். மனம் வேலையில் இல்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை.

சாயங்காலம் விளக்கு வைத்தாயிற்று. லயம் முழுக்க உரல் உருள்கிற சத்தம். நான் இஸ்தோப்புக்குப் போகவில்லை. தாழ்ப்பாளை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கையைக் கம்பளிக்குள் ஒளித்துக்கொண்டேன்.

"என்னங்க, அம்மி?" என்றாள் என் வீட்டுக்காரி.

"கெடக்கட்டும்."

"ஒங்களுக்கு என்ன கிறுக்கா? பொம்பளப் புள்ளைய வச்சிக்கிட்டு..."

"கெடக்கட்டும் புள்ள."

அவள் எழுந்து கதவுப் பக்கம் போனாள். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பீலியில் மகள் சொன்னதை மெதுவாகச் சொன்னேன். அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். எழுந்து போகவில்லை.

சுவருக்கு மேலாக மதினி கேட்டார்: "என்ன தம்பி, இன்னைக்கி சத்தத்தக் காணோம்? அம்மிக்கு லீவா?"

"ஆமா மதினி. கெழவிக்கு இடுப்பு வலியாம்."

"கத்திய எடுத்து வச்சிருங்க. விடிஞ்சதும் வருவேன்."

மகள் இரண்டையும் கேட்டாள். சுவரோடு ஒட்டிக்கொண்டு கதவையும் பார்த்தாள், மூலையில் சாய்த்திருந்த கத்தியையும் பார்த்தாள். நான் டின்னை எடுத்து அவள் முன்னால் கவிழ்த்து வைத்து, கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தேன்.

"இனிமே சத்தம் போடலாம். தட்டு."

"எவ்வளவு?"

"ஒன் இஷ்டம்."

நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு தட்டு. நிறுத்திக் கதவைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தட்டு. நானும் கதவைத்தான் பார்த்தேன். அவளைவிட நான்தான் அதிகம் பயந்தேன் என்று சொல்ல வேண்டும். "இன்னும்" என்றேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் கரண்டியைப் பிடித்து ஓங்கி ஒன்று போட்டாள். லயமே அதிர்ந்தது.

"யார்றா அது? பொணமா எடுக்குறீங்க அங்க?" என்றார் மதினி.

மகள் கரண்டியைப் போட்டுவிட்டு என் மடியில் முகத்தைப் புதைத்தாள். உடம்பு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். முகத்தைத் தூக்கிப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணியோடு. அடித்த அடிக்கு வந்தது பெரியம்மாவின் திட்டு மட்டும்தான்.

"ஒன்னுக்கு வந்தா என்னை எழுப்பு. சத்தம் போட்டுக்கிட்டே வெளிய போவோம்" என்றேன்.

கதவுக்கு முன்னால், திறக்க மட்டும் இடம் விட்டு, நான் படுத்தேன். தாழ்ப்பாள் எவ்வளவு மெல்லியது என்று அன்றைக்குத்தான் நன்றாகப் பார்த்தேன். காற்று அடித்தால் அது டக்கென்று ஆடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எழுந்து உட்கார்ந்தேன். அம்மி இருந்திருந்தால் என்ன செய்திருக்கும் என்றும் யோசித்தேன். அவர்கள் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளும் என்றுதான் நான் அதை இழுத்துப் போட்டேன். எங்களை வெளியே போகவிடாமலும் அதுதான் பார்த்துக்கொண்டது. கவ்வாத்து வெட்டியவன் உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும்? எப்போது கண் அயர்ந்தேன் என்று தெரியவில்லை.

முகத்தில் பனிக்காற்று பட்டு விழித்தேன்.

கதவு திறந்திருந்தது. வெளியே வெளுத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் பாயைத் தடவினேன், பிள்ளை இல்லை.

கத்த வேண்டும் என்று வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை. என் கையே என் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. லொறி வந்திருக்கிறது, தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், தாழ்ப்பாளோடு விட்டது நான்தான். இவ்வளவும் ஒரு மூச்சுக்குள் ஓடிவிட்டது.

அப்போது வெளியே டக், டக் என்று ஒரு சத்தம்.

தவழ்ந்துதான் போனேன். இஸ்தோப்பில் அம்மிக்குப் பக்கத்தில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மகள் குந்தியிருந்தாள். ஒரு கையில் அந்தக் கரண்டி. அதால் அம்மியைத் தட்டிக்கொண்டே ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தாள். மூச்சு வெள்ளைப் புகையாக வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தாள். தட்டுவதை நிறுத்தவில்லை.

"ஒன்னைய எழுப்புனேம்ப்பா. நீ எந்திரிக்கல" என்றாள்.

நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த காம்பராவில் உரல் உருண்டது. கதவு திறந்தது. மதினி ஒரு ஓட்டுச் சட்டியில் தணலோடு வந்தார். தணல் பனியில் சிவப்பாகத் தெரிந்தது. மகளின் கை அந்தரத்தில் நின்றுபோனது.

"அடியே! அம்மிகிட்டயா பேயுற?"

மதினி சட்டியைக் கீழே வைத்தார். கிட்டே வந்து மகளின் பாவாடையைப் பின்னால் பிடித்துப் பார்த்தார். பிறகு குனிந்து காம்பராவுக்குள் கையை விட்டுப் பாயைத் தடவினார். கம்பளியைத் தூக்கி மோந்து பார்த்தார்.

"காஞ்சிருக்கு" என்றார், யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி.

"காஞ்சிருக்கு மதினி."

"தனியாவா வந்தா? இந்தப் பனியில?"

"தனியாத்தான்."

மதினி மகளைப் பார்த்தார். பிறகு ரோட்டுப் பக்கம் பார்த்தார். அவரும் எங்களைப் போலவே உரலுக்குப் பின்னால் படுத்துக்கிடந்தவர்தான். இருட்டிய பிறகு அவரும் வெளியே வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. பிறகு பழைய வாய் வந்துவிட்டது.

"கல்லக் கழுவி விடுங்க தம்பி. எம்மொளகாயும் இதுலதான் அரைக்கிறேன். இன்னைக்கி ஒரு நாள் காஞ்சா ஆயிருச்சா? அடுத்த வெள்ளி பாப்போம்."

தணல் சட்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் அன்றைக்குப் பெரட்டுச் சத்தம் கேட்கும் முன்னாலேயே கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். கத்தி லயத்தில் இருந்தால் எனக்கு வேலை ஓடாது.

அதோடு நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். அடுத்த நாளே நனைத்தாள். அப்புறம் இரண்டு நாள் காய்ந்தது. காற்று பலமாக அடித்தால் நனையும். ரோட்டில் ஏதாவது லொறி ஏறி இறங்கினால் நனையும். அடுத்த வெள்ளிக்கிழமையும் மதினி, "கத்தி எங்க?" என்றார். அதற்கடுத்த வெள்ளியும் கேட்டார். போகப்போக அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. நான் மட்டும் ஒவ்வொரு வெள்ளியும் கத்தியைத் தூக்கிக்கொண்டு வெள்ளெனவே போய்விடுவேன். மொட்டையாகக் கிடந்த மலை துளிர்த்துக் கொழுந்து எடுக்கிற பருவம் வந்தபோது, பீலியில் எங்கள் கம்பளியைப் பற்றிய பேச்சு இல்லாமல் போயிருந்தது.

நானும் மகளும் இருட்டிய பிறகு வெளியே போகும்போது கரண்டியால் எதையாவது தட்டிக்கொண்டே போவோம். நான் வேண்டுமென்றே இருமுவேன். கொஞ்ச நாளில் பக்கத்துக் காம்பராக்காரர்களும் தாழ்ப்பாளைத் தள்ளிக்கொண்டு இருமிக்கொண்டே வெளியே வந்தார்கள். தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் நின்றுகொண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் மழையைப் பற்றிப் பேசினோம். உரல்கள் ஒவ்வொன்றாக இஸ்தோப்புக்குத் திரும்பின.

எண்பத்து மூன்றில் மறுபடி செய்தி வந்தது. இந்த முறை ரேடியோவிலேயே ஊரடங்கு என்று சொன்னார்கள். கொட்டகலையிலிருந்து பஸ் வரவில்லை. பாண்காரரும் வரவில்லை. சாயங்காலம் லயம் முழுக்க மறுபடி அந்தச் சத்தம். என் கால் தானாக இஸ்தோப்புக்குப் போனது. எப்படிப் போனது என்று எனக்கே தெரியாது.

மகள் அம்மிக்கு முன்னால் குந்தியிருந்தாள். பதின்மூன்று வயது. குழவியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து இழுத்து அரைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரிம்மா. இருட்டுது" என்றேன்.

"இன்னும் அரச்சு முடியலப்பா."

குனிந்து பார்த்தேன். கல்லில் மிளகாய் இல்லை, உப்பு இல்லை. வெறும் கல்லைத்தான் அரைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. அந்தச் சத்தம் ரோடுவரை கேட்டிருக்கும்.

நான் உள்ளே போய்த் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன். அவள் உள்ளே வந்ததும் அதைப் போட்டேன். அம்மி வெளியேதான் கிடந்தது. நான் விடியும்வரை தூங்கவில்லை. அவள் தூங்கினாள்.